காஸ் லைட்டும் மணவாளக்குறிச்சி மணலும்

பெட்ரோமாக்ஸ் விளக்கை எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ‘காஸ் லைட்’ என்றுதான் சொல்வோம். கல்யாணம் என்றால் ‘எத்தனை காஸ் லைட் சொல்லியிருக்கு?’ என்பதுதான் கேள்வி. அதில் ஊற்றுவதோ கிருஷ்ணாயில். குழாய் வழியாக வரும் காஸ் இந்த ஊர்க்காரர்கள் கண்ணால் பார்க்காத பொருள். பிறகு ஏன் காஸ் லைட் என்றோம்?

நான் மின்வாரியத்தில் 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதாவது, காஸ் லைட்டை அணைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதனாலோ என்னவோ, அந்த விளக்கின் கதையைத் தேடிப் படிப்பதில் எனக்கு ஓர் ஆர்வம் உண்டு. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெயர் தப்பில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கில் திரி கிடையாது. கிருஷ்ணாயில் எண்ணெயாக எரிவதில்லை, ஆவியாகித்தான் எரிகிறது. ஆக, அது தனக்கு வேண்டிய காஸைத் தானே தயார் செய்துகொள்ளும் விளக்கு. கல்கத்தாவில் 1857ஆம் ஆண்டிலேயே நிலக்கரியிலிருந்து காஸ் எடுத்து, தரைக்கடியில் குழாய் போட்டுத் தெருவிளக்கு எரித்தார்கள். நமக்கு அந்தக் குழாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குட்டித் தொழிற்சாலையையே பித்தளைத் தொட்டிக்குள் அடக்கித் தலையில் தூக்கிக்கொண்டு போனோம்.

அது வேலை செய்யும் விதம் உங்களில் பலருக்குப் பழக்கம்தான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும் என்பதால் ஒரு தடவை வரிசையாகச் சொல்கிறேன். கீழே இருப்பது எண்ணெய்த் தொட்டி. சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு, பக்கத்திலுள்ள பம்பை அடித்தால் எண்ணெய்க்கு மேலே காற்று அழுத்தம் ஏறும். அழுத்தம் எண்ணெயை நடுக்குழாய் வழியாக மேலே தள்ளும். அந்தக் குழாய் முதலில் சூடாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைப்பது. குழாய் காய்ந்ததும் எண்ணெய் ஆவியாகி, ஊசி முனை அளவு துளை வழியாகச் சீறிக்கொண்டு வரும். வருகிற வேகத்தில் வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு, இரண்டும் கலந்து, பீங்கான் நாசில் வழியாகக் கீழ்நோக்கி இறங்கி மேண்டிலுக்குள் எரியும். அதன்பிறகு ஸ்பிரிட் வேண்டாம். எரிகிற விளக்கின் சூடே அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்கும். அந்த ‘உஸ்ஸ்’ சத்தம் ஆவி சீறுகிற சத்தம். துளையில் கரி அடைத்தால் வெளிச்சம் மங்கும். கைப்பிடியைத் திருப்பினால் உள்ளிருக்கும் ஊசி மேலே வந்து அடைப்பைக் குத்திவிடும். பம்பில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊற வைப்பார்கள்.

இது வரையில் ஸ்டவ் அடுப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டவ்வும் அப்படித்தான் எரிகிறது. ஆனால் ஸ்டவ் வெளிச்சத்தில் யாரும் புத்தகம் படிக்க முடியாது. நீலமாக எரிகிற நெருப்புக்குச் சூடு அதிகம், வெளிச்சம் குறைவு. அந்தச் சூட்டை வெளிச்சமாக மாற்றுவது மேண்டில் என்கிற அந்தச் சின்ன வலைப்பை. விளக்கின் சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் என்கிற ரசாயன விஞ்ஞானி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பன்சன் பர்னர் என்று பார்த்திருப்போமே, அந்தப் பன்சனிடம் ஜெர்மனியில் படித்தவர். பூமியில் கிடைக்கும் அருமண் உலோகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவற்றின் உப்புக் கரைசலில் நனைத்த பருத்தித் துணியை நெருப்பில் காட்டினால், துணி எரிந்துபோன பிறகும் அதன் வடிவம் அப்படியே நின்று பளபளவென்று ஒளிர்வதைக் கவனித்தார். 1885இல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் முதல் மேண்டில்கள் பச்சையாக எரிந்தன, சீக்கிரம் உதிர்ந்தன, வியாபாரம் படுத்துவிட்டது. விடாமல் ஆராய்ந்து 1891இல் சரியான கலவையைப் பிடித்தார். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த வருஷம் நவம்பரில் வியன்னாவில் ஓபரா காபிக் கடை வாசலில் முதல் விளக்கை ஏற்றினார்கள்.

99க்கு 1 என்கிற கணக்கு வேடிக்கையானது. தோரியத்தை மட்டும் சூடாக்கினால் அதிகம் ஒளிராது. ஆனால் மற்றப் பொருள்களைப் போல வெப்பத்தை வெளியே இறைத்து வீணாக்காமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டு நிற்கும், உருகாது. சீரியம் நன்றாக ஒளிரும். ஆனால் அதைக் கூடுதலாகப் போட்டால் சூடு இறங்கி வெளிச்சமும் போய்விடும். ஒரு பங்கு சீரியத்தைத் தாங்கிப் பிடிக்க 99 பங்கு தோரியம் நெருப்பில் நிற்கிறது.

எடிசன் பல்பு வந்தது 1879இல். மின்விளக்கு வந்ததும் காஸ் விளக்கின் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், இந்த மேண்டில் அதற்கு இன்னும் சில பத்தாண்டு ஆயுளைக் கொடுத்தது. இன்னொரு விஷயம். சிகரெட் லைட்டரில் தீப்பொறி கிளப்பும் கல்லும் இதே ஆயரின் கண்டுபிடிப்புதான். பல்புக்குள் உலோக இழை போடும் ஆராய்ச்சியிலும் இறங்கி ஆஸ்மியம் இழையில் பல்பு செய்தார். அவருடைய கம்பெனி 1906இல் பதிவு செய்த பெயர்தான் ‘ஆஸ்ரம்’. ஆஸ்மியம் என்பதில் பாதி, டங்ஸ்டனுக்கு ஜெர்மன் பெயரான வோல்ஃப்ராம் என்பதில் பாதி. மின்வாரியத்தில் இருந்த காலம் முழுவதும் ஆஸ்ரம் டியூப் லைட்டை மாட்டியிருக்கிறேன். காஸ் லைட்டை வாழவைத்தவரும் அதற்கு எமனானவரும் ஒரே ஆள் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

ஆயரின் மேண்டில் முதலில் குழாய் காஸில் எரிந்தது. குழாய் இல்லாத ஊர்களுக்காக அதை மண்ணெண்ணெயில் எரியவைத்தவர்களில் பெயர் பெற்றவர் பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் கிரெட்ஸ். ஏரிஹ் அண்டு கிரெட்ஸ் என்பது கம்பெனி. 1910ஐ ஒட்டி வந்த அவருடைய விளக்குக்கு, பெட்ரோலியத்தில் ‘பெட்ரோ’வையும் தன் பெயரான ‘மாக்ஸ்’ஐயும் சேர்த்துப் பெட்ரோமாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வனஸ்பதி எல்லாம் டால்டா ஆனதுபோல, யார் செய்த விளக்கானாலும் நமக்குப் பெட்ரோமாக்ஸ்.

சரி, இந்த மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

தோரியம் மோனசைட் என்கிற கனிமத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணலிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். மஞ்சளும் பழுப்புமாக, கனமாக இருந்த அந்த மணலைச் சோதித்தால் மோனசைட்! கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு கப்பலேறி வந்து, 1910இல் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை ஆரம்பித்தார். பிறகு கொல்லத்துக்குப் பக்கத்தில் சவராவில் இன்னொன்று. பிரேசில் மணலைவிட நம் மணலில் தோரியம் அதிகம்.

மணவாளக்குறிச்சி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். கடற்கரையில் அலை அள்ளிக்கொண்டு வந்து போடும் கருமணலை வாரி, அலசி, காந்தத்தால் பிரித்து, மோனசைட்டைத் தனியே எடுத்துக் கப்பலில் அனுப்பினார்கள். நம் மணல் போனது, மேண்டில் வந்தது. 1914இல் முதல் உலகப் போர் வந்ததும் ஆலைகள் நின்றன. ஷோம்பர்க் ஜெர்மன் உளவாளி என்று கைது செய்யப்பட்டார். ஆலைகள் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயின. ஒரு விளக்கு வலைக்காக இவ்வளவா என்று தோன்றும். அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் ரயில் நிலையங்களும் இரவில் அந்த வலையை நம்பித்தான் இருந்தன.

போருக்குப் பிறகு மின்சாரம் பரவ, மேண்டில் வியாபாரம் இளைத்தது. அதே மணலில் இருந்த இல்மனைட் வெள்ளைப் பெயின்ட் செய்ய உதவியதால் ஆலைகள் பிழைத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு வெடித்த பிறகு தோரியத்தின் மதிப்பே வேறாகிவிட்டது. அதிலிருந்து அணு எரிபொருள் செய்யலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் திருவிதாங்கூர் மணல் அரசியல் பேரப் பொருளாகவே ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் ஆலுவாவில் மோனசைட்டைச் சுத்திகரிக்கும் தொழிற்சாலை வந்தது. 1955இல் பம்பாய் டிராம்பேயில் தோரியம் ஆலை. அங்கே தயாரான தோரியம் நைட்ரேட் உள்நாட்டு மேண்டில் தொழிற்சாலைகளுக்கும் போனது. ஆக, நம் தலைமுறை பார்த்த உள்நாட்டு மேண்டில்களில் இருந்தது நம் தென்கோடிக் கடற்கரை மண். பெயர்தான் பெர்லின் பெயர்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள், இரவு வேளையில் பஞ்சமூர்த்திகள் மாடவீதி சுற்றி வருவதை நான் சிறுவனாகப் பார்த்தது 1950களில். முன்னால் தீவட்டிகள், அவற்றின் பின்னே காஸ் லைட்டுகள். தீவட்டி வெளிச்சம் மஞ்சளாக அலையும். காஸ் லைட் வெளிச்சம் வெள்ளையாக நிற்கும். இரண்டும் கலந்து நகைகள் மேல் விழும் அழகு இப்போதைய ஃபோகஸ் லைட்டுகளில் இல்லை. மாட்டுச் சந்தையிலும் காஸ் லைட்தான். இரவில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டுமே.

தீபம் வருவது மழைக்காலத்தில். ஒரு தூறல் விழுந்தால் போதும், கொதிக்கிற கண்ணாடி ‘டப்’ என்று விரிசல் விடும். காற்று உள்ளே புகுந்தால் மேண்டில் உதிர்ந்துவிடும். அதனால் வாடகைக் கடைக்காரர்கள் உதிரி மேண்டிலும் கண்ணாடியும் இல்லாமல் ஆளை அனுப்ப மாட்டார்கள்.

வடஆற்காட்டுத் தெருக்கூத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதற்கு முன் பந்தத்தின் வெளிச்சத்தில்தான் கூத்து. முகத்துச் சிவப்பும், கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் அந்த வெளிச்சத்துக்கென்று செய்தவை. காஸ் லைட் வந்ததும் இரண்டு விளக்கை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்த கிழவிக்கும் துரியோதனன் மீசை தெரிந்தது. ஆனால் நடுஜாமத்தில், சரியாகத் துகில் உரியும் நேரத்தில் அழுத்தம் இறங்கி வெளிச்சம் மங்கும். கூட்டத்திலிருந்து ‘பம்ப் அடிடா!’ என்று குரல் வரும். கூத்து நிற்காது. பாட்டு பாட்டாகப் போய்க்கொண்டிருக்க, ஒருவர் விளக்கை இறக்கிக் காற்றடித்து மறுபடி ஏற்றுவார்.

புது மேண்டில் கட்டுவதைச் சுற்றி நின்று பார்ப்பதும் எங்களுக்கு ஒரு விளையாட்டு. வாங்கும்போது அது துணிதான், மடித்துப் பையில் வைக்கலாம். நாசிலில் நூலால் கட்டி, தீக்குச்சி காட்டினால் நூலிழை எரிந்து, வெள்ளைச் சாம்பல் கூடு மட்டும் மிஞ்சும். அதற்குப் பிறகு அதை விரலால் தொடக்கூடாது. 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி சைக்கிள் கடையில் செந்தில் செய்கிற காரியம் ஞாபகம் வருகிறதா? ஊரே சிரித்ததற்குக் காரணம், நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு மேண்டில் உதிர்ந்திருந்ததுதான்.

எங்கள் மலைமேல் எரிகிற தீபத்திலும் துணி உண்டு. கொப்பரையில் நெய் ஊற்றி ஆயிரம் மீட்டர் காடாத் துணியைத் திரியாகப் போடுகிறார்கள். அந்தத் திரி எரிந்து கிடைக்கும் மை ஆருத்ரா தரிசனத்தின்போது நெற்றிக்கு வருகிறது. மேண்டிலிலோ துணி எரிந்து முடிந்த பிறகுதான் வெளிச்சமே ஆரம்பிக்கிறது.

மின்வாரியக்காரன் என்ற முறையில் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் அடங்கியுள்ள சக்தி ஏறத்தாழ 10 யூனிட். அதை வைத்துக் காஸ் லைட் சுமார் 8 மணி நேரம் எரியும். தகட்டில் 300, 500 மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று போட்டிருந்தாலும், நடைமுறையில் 100 வாட் குண்டு பல்பு அளவுதான் கொடுக்கும். அந்தக் குண்டு பல்பு 8 மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் சொச்சம்தான் எடுக்கும். இன்றைய எல்.இ.டி. பல்பு அதே வெளிச்சத்துக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். அதனால் காஸ் லைட் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கிராமத்துக்கு முதல் லைன் இழுத்து, சுவிட்சைப் போட்ட அன்று அங்கிருந்தவர்கள் முகத்தைப் பார்த்தவன் அப்படி வருத்தப்பட முடியாது.

பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள், அளவில் மிகக் குறைவு. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் நமக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் உதிர்ந்த மேண்டில் தூள் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போகக்கூடாது. நாம் அந்தக் காலத்தில் ‘ப்பூ’ என்று ஊதித் தள்ளியது போல இப்போது செய்யாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். 1990களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் போட ஆரம்பித்துவிட்டன.

அதே தோரியத்திலிருந்து செய்த யுரேனியம் 233ஐக் கொண்டு கல்பாக்கத்தில் ‘காமினி’ என்ற சிறிய ஆராய்ச்சி உலை 1996 முதல் இயங்குகிறது. மணவாளக்குறிச்சி ஆலையும் இன்றும் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் இயற்கையான கதிரியக்கமே மற்ற இடங்களைவிட அதிகம். மணல் எடுப்பதைப் பற்றி அங்குள்ள மீனவ மக்களுக்குக் கவலைகள் உண்டு. வெளிச்சம் அனுபவித்தவர்கள் ஓரிடம், மண்ணோடு வாழ்ந்தவர்கள் ஓரிடம்.

விளக்கைத் தூக்கியவர்களும் அப்படித்தான். தலையில் சும்மாடு, அதன்மேல் பலகை, பலகைமேல் கொதிக்கிற விளக்கு. மாப்பிள்ளை அழைப்பு முடிய இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ ஆகும். நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தால் இவர்களும் நிற்க வேண்டும். ஈசலும் பூச்சியும் முகத்தில் மோதும், கையை எடுத்துத் தட்ட முடியாது. அசைந்தால் மேண்டில் போகும், மேண்டில் போனால் கூலியில் பிடிப்பார்கள். பந்தியில் அவர்களுக்கு இலை போட்டு நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்தில் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரர்கள், அவர்களோடு பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பையன்கள். ஜெனரேட்டர் வண்டியும் டியூப் லைட்டும் வந்தபோது, அந்தத் தலைச்சுமை இறங்கியது. கூடவே அந்த இரவுக் கூலியும் போனது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் பழைய கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஊர்வலப் படத்தில் மாப்பிள்ளை முகம் பளிச்சென்று இருக்கும். அந்த வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே படத்தின் ஓரத்துக்குப் போனால், பாதி வெட்டுப்பட்டு ஒரு தோளும், விளக்கைப் பிடித்த ஒரு கையும் தெரியும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், அது யார் என்று கேட்டு வையுங்கள்.